கிரிஸ் ஸ்குவயர் அஞ்சலி ஆல்பத்தின் கோப்புகளைச் சீர்செய்தவருக்கு

'யெஸ்' என்ற பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவின் பேஸ் கிட்டார் கலைஞர் கிரிஸ் ஸ்குவயருக்காக (1948–2015) ரசிகர்கள் சேர்ந்து செய்யும் அஞ்சலி ஆல்பத்தில், பெயர் சொல்லாமல் உழைத்தவரே, இது உங்களுக்கு.

ஆளுக்கொரு ஊரிலிருந்து வந்த கோப்புகள். டிரம்ஸின் சாம்பிள் ரேட் (ஒரு வினாடியில் ஒலியை எத்தனை முறை அளந்து பதிகிறது என்பது) 48 கிலோஹெர்ட்ஸ், மற்றவற்றுக்கு 44.1. மாற்றாமல் சேர்த்தால் 5 நிமிட டிரம்ஸ் ஏறக்குறைய 27 வினாடி நீண்டுவிடும், சுருதியும் இறங்கும். கீபோர்டு எம்பி3-யில் வந்ததால் தொடக்கத்தில் சிறு வெற்றிடம். வேகமான பகுதிகளில் அந்தச் சிறு பிசகே காதில் உறுத்தும்.

யாரும் கேட்காமலே எல்லாவற்றையும் சுருக்கப்படாத 24 பிட் வேவ் கோப்புகளாக்கி, ஒரே புள்ளியில் தொடங்க வைத்தீர்கள். மூலப் பாட்டின் வேகம் ஏறி இறங்குவதை பார் பாராக (ஒவ்வொரு தாளச் சுற்றாக) குறித்து டெம்போ மேப் எனும் வேக வரைபடமும் செய்தீர்கள். பொறுமையைச் சோதிக்கும் வேலை அது!

பேஸில் செய்ததுதான் உச்சம். கீழ் ஒலியைத் தெளிவாக விட்டு, மேல் ஒலியை மட்டும் தனியாக கிட்டார் ஆம்ப்பில் (ஒலிபெருக்கியில்) கரகரக்க வைப்பது ஸ்குவயரின் வழி. ஆம்ப் இல்லாமல் நேரடியாகப் பதிந்த டிராக்கை நீங்களும் அப்படியே இரண்டாகப் பிரித்தீர்கள். ஆம்ப் போல ஒலிக்க வைக்கும் மென்பொருள் செருகுநிரலால் ஒரு பாதி தாமதமானால், இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு ஒலி மெலிந்துபோகும். அதையும் கவனித்து நேர்செய்திருந்தீர்கள். அந்த உறுமல் அப்படியே கேட்கிறது. மனமார்ந்த நன்றி.

ஆல்பத்தின் நன்றிப் பட்டியலில் உங்களை எப்படிக் குறிப்பிடலாம் என்று ஒரு வரி எழுதுங்கள்.