செல்வி கிராம சபைக்குப் போகுமுன்

அன்புள்ள தங்கராசு,

கடிதம் கிடைத்தது. குறுவை அறுப்பு நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். இங்கே மழை விட்டபாடில்லை, வீட்டில் ஆளுக்கொரு இருமல்.

செல்விக்கு இதழியல் கல்லூரியில் முதல் வேலையாக அக்டோபர் 2 கிராம சபையைப் பற்றிச் செய்தி எழுதச் சொல்லியிருக்கிறார்களே, அது நல்ல தொடக்கம். "அதில் என்ன செய்தி இருக்கப்போகிறது" என்று கேட்டிருக்கிறாய். வருஷத்தில் ஆறு நாள்தான் இந்தக் கூட்டம்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஊர்ப் பணம் எங்கே போனது என்று ஊரார் நேருக்கு நேர் கேட்கிற இடம். பிள்ளைக்குப் பழகக் கேள்வியும் கிடைக்கும், கணக்கும் கிடைக்கும்.

ஒரு மணி நேரம் முன்னாலேயே போகச் சொல். ஊராட்சி அலுவலகப் பலகையில் கூட்டப் பொருள் ஒட்டியிருக்கும், போட்டோ எடுத்துக்கொள்ளட்டும். போன கூட்டத் தீர்மானங்களையும் ஊராட்சிச் செயலரிடம் கேட்டுப் பார்க்கட்டும். காட்ட மறுத்தால் சண்டை வேண்டாம். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு மனுப் போட்டால் 30 நாளுக்குள் பதில் தந்தாக வேண்டும். இந்தக் கட்டுரைக்கு உதவாது, அடுத்ததற்கு உதவும்.

கூட்டம் தொடங்கியதும் தலை எண்ண வேண்டும். 500 பேர் வரை உள்ள ஊராட்சி என்றால் 50 பேராவது வந்தால்தான் கூட்டம் செல்லும். 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. கையெழுத்துப் பதிவேட்டை மட்டும் நம்பினால் ஏமாற்றம்தான். கூட்டம் கலைந்த பிறகு அந்த நோட்டு வீடு வீடாகப் போகிற ஊர்களும் உண்டு. தீர்மானம் வாசிக்கிற நேரத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் எத்தனை பேர் என்று எண்ணி, பக்கத்திலேயே மணியையும் குறிக்க வேண்டும்.

இனி பேட்டி. புதுப் பிள்ளைகள் எல்லோரும் சறுக்குகிற இடம் இது. டிவியைப் பார்த்துப் பழகி, "இதைப் பற்றி என்ன நினைக்கிறீங்க" என்று மைக்கை நீட்டுவார்கள். நினைப்பதைக் கேட்டால், "கவர்ன்மெண்டு பார்த்துச் செய்யணும்" என்ற ஒரே பதில்தான் நூறு வாயிலிருந்து வரும். நடந்ததைக் கேட்க வேண்டும். ஒரு அம்மா "தண்ணியே வர்றதில்லம்மா" என்கிறார் என்று வை. அதை அப்படியே எழுதிக்கொண்டு நகர்ந்துவிடக் கூடாது. கடைசியா எந்தக் கிழமை வந்துச்சு? எத்தனை மணிக்கு? எத்தனை குடம் பிடிச்சீங்க? வராத நாள்ல எங்க போய் எடுக்கிறீங்க? யார்கிட்ட சொன்னீங்க, எழுதிக் கொடுத்தீங்களா, அந்த ரசீது இருக்கா? ரசீது கைக்கு வந்துவிட்டால் பாதிச் செய்தி முடிந்தது.

ஒரு தடவைக்கு ஒரு கேள்வி. "பைப் எப்ப போட்டீங்க, ஏன் தண்ணி வரல" என்று சேர்த்துக் கேட்டால், அதிகாரி முதல் பாதிக்கு மட்டும் விலாவாரியாகப் பதில் சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளவும் தெரிய வேண்டும். எதிராளி நிறுத்தியதும் நாலு விநாடி பொறுத்தால், பெரும்பாலும் அவரே தொடர்வார். உருப்படியான விஷயம் அங்கேதான் வரும்.

பெயரை அவரவர் கையாலேயே நோட்டில் எழுதித் தரச் சொல்ல வேண்டும். இனிஷியல் இல்லாமல் முருகேசன் என்று போட்டால் ஒரே தெருவில் மூன்று பேர் சண்டைக்கு வருவார்கள். எழுதத் தெரியாதவரிடம் ரேஷன் கார்டைக் காட்டச் சொல்லலாம். ஊர்ப் பெயரில் மேல, கீழ விட்டுப்போனால் செய்தியே வேறு ஊருக்குப் போய்விடும்.

பதிவு செய்வதென்றால் சொல்லிவிட்டுத்தான் செய்ய வேண்டும். போனை ஏர்பிளேன் மோடில் போடாவிட்டால் நடுவில் அழைப்பு வந்து பல போன்களில் பதிவு நின்றுவிடும். ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தால் இரைச்சல்தான் மிஞ்சும். பதிவு இருக்கிறதே என்று நோட்டை மூடிவிடக் கூடாது. ஒரு மணி நேரப் பேச்சைக் கேட்டு எழுத நாலு மணி நேரமாவது பிடிக்கும். முக்கியமான வாக்கியம் வரும்போது நோட்டின் ஓரத்தில் நிமிஷத்தைக் குறித்துவைத்தால் நேரே அங்கே போய்க் கேட்டுக்கொள்ளலாம்.

"இது உனக்கு மட்டும்மா, போட்டுடாதே" என்பார்கள். எதைப் போடலாம், எதைப் போடக் கூடாது என்ற அந்தப் பேரத்தைப் பேட்டி தொடங்கும் முன்னாலேயே முடித்துக்கொள்ள வேண்டும். பேசி முடித்த பிறகு சொன்னால் குழப்பம். ஆனால் பேப்பர்காரர்களோடு பழக்கமில்லாத கிராமத்து ஆளிடம் இந்தச் சட்டம் பேசக் கூடாது, அவர் வேண்டாமென்றால் விட்டுவிட வேண்டியதுதான் என்பது என் கட்சி. அதிகாரிக்கு அந்தச் சலுகை கிடையாது.

மேற்கோள் குறிக்குள் போட்டால் அவர் பேசியது பேசியபடி இருக்க வேண்டும். நம் பத்திரிகைகளில் ஆடு மேய்ப்பவர்கூட "உரிய நடவடிக்கை எடுக்குமாறு கோரிக்கை விடுக்கிறோம்" என்கிறார். படிக்கும்போதே எரிச்சலாக வரும். நடையை மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் குறியை எடுத்துவிட்டு, அவர் சொன்னதாக எழுதட்டும்.

புகார் வந்தால் ஊராட்சிச் செயலரிடமும் பிடிஓவிடமும் (வட்டார வளர்ச்சி அலுவலர்) அதே நாளில் பதில் கேட்க வேண்டும். தலைவரின் பதவிக்காலம் முடிந்த ஊரில் அவருக்குப் பதிலாகத் தனி அலுவலர் இருப்பார். ஒரு முறை கூப்பிட்டுவிட்டு "தொடர்புகொள்ள முடியவில்லை" என்று எழுதுவது நியாயமில்லை. கேள்வியை மெசேஜாகவும் அனுப்பி, அனுப்பிய மணியைக் குறித்துவைக்கட்டும். அடுத்து காவல் நிலையத்துக்கு அனுப்பினால் ஒன்று முக்கியம்: போக்சோ, அதாவது குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டத்தில் வரும் வழக்கில் குழந்தையின் பெயர், பள்ளி, தெரு, உறவினர் என எதையும் போடக் கூடாது. மீறினால் அந்தச் சட்டத்தின் 23ஆம் பிரிவில் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருஷம் வரை சிறை உண்டு.

எழுதி முடித்ததும் பெயர், எண், தேதி எல்லாவற்றையும் சிவப்பு மையில் வட்டம் போட்டு, ஒவ்வொன்றுக்கும் நோட்டில் எந்தப் பக்கம் என்று ஓரத்தில் எழுதட்டும். பக்கம் கிடைக்காததை அடித்துவிட்டு எனக்கு அனுப்பச் சொல். 300 வார்த்தைக்கு மேல் வேண்டாம்.

தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
சுந்தரம்