பின் டயர் இன்னும் எத்தனை நாள் ஓடும்?

சுங்கை சிப்புட், மலேசியா,
15 செப்டம்பர் 2024

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் உன் அம்மாவும் நலம். நேற்று இரவு தொலைபேசியில் உன் மோட்டார் சைக்கிளைப் பற்றி, "பின் டயர் இன்னும் எத்தனை நாள்பா ஓடும், தீபாவளி வரைக்கும் தாங்குமா?" என்று கேட்டாய். நான் பதிலைத் தொடங்குவதற்குள் "சரிப்பா, சரிப்பா" என்று பேச்சை முடித்துவிட்டாய். இருபத்திரண்டு ஆண்டுகள் தோட்டத்துப் பட்டறையில் சக்கரம் கழற்றிப் பூட்டியவனிடம் டயரைப் பற்றிக் கேட்டால் பதில் கொஞ்சம் நீளமாகத்தான் வரும். காதால் கேட்டதை மறந்துவிடுவாய் என்பதால், கையில் வைத்துப் படிக்கட்டும் என்று எழுதுகிறேன்.

டயரின் ஆயுளை நாளில் சொல்ல முடியாது; ஓடிய தூரத்தை வைத்து ஓரளவு சொல்லலாம். நீ கிள்ளானிலிருந்து பெட்டாலிங் ஜெயாவுக்கு வேலைக்குப் போக 30 கிலோமீட்டர், வர 30 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், மாதம் 25 நாள் வேலைக்கு 1,500 கிலோமீட்டர் ஆகிறது. உன்னுடையதைப் போன்ற கப்சாய் எனும் சிறிய மோட்டார் சைக்கிளில் பின் டயர் பொதுவாக 12,000 முதல் 15,000 கிலோமீட்டர் வரை உழைக்கும். ரப்பர் மிருதுவாக இருந்தால் 10,000 கூடத் தாண்டாது. கெட்டியாக இருந்தால் 20,000 வரையும் போகும், ஆனால் அது ஈரத்தில் அவ்வளவாகப் பிடிக்காது. போன தீபாவளிக்கு நீ வந்திருந்தபோதுதான் அந்தப் பின் டயரை நம் ஊர் மோட்டார் கடையில் மாற்றினோம். பத்து மாதத்துக்கு 15,000 கிலோமீட்டர் என்றால், கணக்குப்படியே அது தன் கடமையை முடித்துவிட்டது.

ஆனால் கணக்கை மட்டும் நம்பி டயரை மாற்றுவதும் தவறு, மாற்றாமல் இருப்பதும் தவறு. ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய இரண்டு டயர்களில் ஒன்று எட்டு மாதத்தில் தேய்ந்ததையும் மற்றொன்று இரண்டு வருடம் ஓடியதையும் நான் பார்த்திருக்கிறேன். காற்றைக் குறைவாக வைத்து ஓட்டுவது, பின்னால் ஆளை ஏற்றுவது, விளக்குக்கு விளக்கு பிரேக்கை அழுத்துவது, வெயிலில் கொதிக்கும் தாரில் வேகமாகப் போவது என்று ஒவ்வொன்றும் ஆயுளில் ஒரு பங்கைத் தின்றுவிடும். ஆகவே கண்ணால் பார்க்க வேண்டும், கையால் தொட்டுப் பார்க்க வேண்டும்.

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டு ஓரங்களிலும் பூ, அதாவது பள்ளம் வெட்டிய ரப்பர், நன்றாக இருக்கிறது, நடுப்பகுதியோ பலகை போலத் தட்டையாகிவிட்டது. நெடுஞ்சாலையில் நேராகவே ஓடும் வண்டிகளுக்கு வரும் தேய்மானம் இது. ஓரத்தைப் பார்த்துவிட்டு "இன்னும் பூ இருக்கிறதே" என்று கடைக்காரர் சொன்னதாகச் சொன்னாய். நேராக ஓடும்போது தரையைத் தொடுவது ஓரமல்ல, நடுப்பகுதிதான். இப்படித் தட்டையான டயரில் வளைவில் சாயும்போது, வண்டி முதலில் சாய மறுத்து, பிறகு அந்த விளிம்பைத் தாண்டியதும் சட்டென்று விழுவது போல இறங்கும். சில வாரங்களாக வண்டி கனமாகத் திரும்புகிறது என்று நீ சொன்னதற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஆனாலும் சக்கரத்து பேரிங்கையும் ஒருமுறை பார்க்கச் சொல்.

டயரின் பக்கவாட்டில் ஒரு சிறு முக்கோணமோ, தேய்மான அடையாளத்தைக் குறிக்கும் டி.டபிள்யூ.ஐ. (TWI) என்ற மூன்று எழுத்துகளோ இருக்கும். அதற்கு நேரே பள்ளத்துக்குள் பார்த்தால் சின்னத் திட்டு ஒன்று தெரியும். பள்ளத்தைவிட அது சற்றே உயர்ந்திருக்கும். சிறிய மோட்டார் சைக்கிள் டயர்கள் பலவற்றில் அந்த உயரம் 0.8 மில்லிமீட்டர்தான். நடுவில் உள்ள பூ அந்தத் திட்டோடு சமமாகிவிட்டால் அந்த டயர் முடிந்தது. சமமாகும் வரை காத்திருக்கலாமா என்று கேட்டால், வெயில் காலத்தில் சில வாரம் கூடக் குறைய இருக்கலாம், மழைக்காலத்தில் கூடாது என்பேன். ஒரு தீக்குச்சியை நடுப்பள்ளத்தில் செருகி, நகத்தால் அடையாளம் வைத்து எடுத்துப் பார். இரண்டு மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் டயர் வாங்கப் பணத்தை எடுத்து வைத்துவிட வேண்டும்.

டயரில் பூ வைத்திருப்பது அழகுக்காக அல்ல. காய்ந்த சாலையில் பூவே இல்லாத டயரும் பிடிக்கும். பந்தய வண்டிகளில் அப்படித்தான் போடுகிறார்கள். மழையில் சாலைக்கும் ரப்பருக்கும் நடுவே நிற்கும் தண்ணீரை வெளியே தள்ளுவதுதான் அந்தப் பள்ளங்களின் வேலை. பள்ளம் ஆழமற்றுப் போனால் தண்ணீருக்குப் போக்கிடம் இல்லை. வண்டி சாலையை விட்டுத் தண்ணீரின் மேல் ஏறிவிடும். நீ போகும் ஃபெடரல் நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிள்களுக்கென்று உள்ள தனிப் பாதை லாரிகளிடமிருந்து உன்னைக் காப்பாற்றுகிறது என்பதில் எனக்கு எப்போதுமே நிம்மதிதான். ஆனால் அந்தப் பாதையின் குறுகிய வளைவுகளிலும், பாலத்துக்கு அடியில் இறங்கி ஏறும் இடங்களிலும் தேங்கும் நீரை நீயே சொல்லியிருக்கிறாய். அக்டோபரிலும் நவம்பரிலும் சாயங்கால மழை நீ வேலை முடிந்து புறப்படும் நேரத்தில்தான் கொட்டும். அடிப்பகுதி மெலிந்த டயரில் ஆணி எளிதாக ஏறும் என்பதையும் சேர்த்துக்கொள். கடைசி இரண்டு மாதத்தில் மூன்று முறை பஞ்சர் ஒட்டினேன் என்று நீ அலுத்துக்கொண்டது வெறும் துரதிர்ஷ்டம் அல்ல.

உன்னிடம் இதுவரை முழுதாகச் சொல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நீ பிறப்பதற்கு முன், 1998இல், என் வண்டியின் பின் டயர் பூவே இல்லாமல் முழுக்க போத்தாக், அதாவது மொட்டை, ஆகியிருந்தது. ஊரார் வண்டிக்கெல்லாம் டயர் மாற்றியவன், சம்பளம் வரட்டும் என்று என் வண்டியை மட்டும் தள்ளிப்போட்டேன். மழை விட்ட ஒரு மாலையில், சந்தைச் சாமான்களோடு உன் அம்மாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்தேன். செம்பனைக் குலை ஏற்றும் லாரிகள் தோட்டத்து வாசலில் தாரின் மேல் செம்மண்ணை இழுத்துப் பூசியிருந்தன. வேகம் முப்பதுகூட இருக்காது. நாய் ஒன்று குறுக்கே வந்தது, நான் பிரேக்கைத் தொட்டேன், பின் சக்கரம் என்னை முந்திக்கொண்டு முன்னால் வந்தது. எனக்கு முழங்காலில் சிராய்ப்பு. உன் அம்மாவுக்கு மணிக்கட்டு முறிந்தது. மழை வரப்போவதை அவள் எப்படித் தெரிந்துகொள்கிறாள் என்று சிறு வயதில் நீ வியந்து கேட்பாயே, அந்தக் கைதான்.

இனி முன் டயர். அதைப் பற்றி நீ கேட்கவே இல்லை, எனக்கோ பின் டயரைவிட அதுதான் கவலை. பின் டயர் இரண்டு தேய்வதற்குள் முன் டயர் ஒன்று தேயும் என்பது பட்டறைக் கணக்கு. அதனால் முன் டயரில் பூ பல வருடம் பசுமையாகவே நிற்கும், நாமும் ஏமாந்துபோவோம். உன் வண்டியின் முன் டயரில் 1817 என்ற எண்ணைப் போன தடவையே பார்த்தேன். முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டும் வருடம்: 2017ஆம் ஆண்டின் 18ஆவது வாரத்தில் செய்த டயர் அது. ஏழு வயது ஆகிறது. ஐந்து வருடம் ஓடிய டயரை ஆண்டுதோறும் தெரிந்தவரிடம் காட்டிச் சோதிக்க வேண்டும், செய்த நாளிலிருந்து பத்து வருடம் ஆனதைப் பூ இருந்தாலும் கழற்றிவிட வேண்டும் என்று பெரிய டயர் நிறுவனங்களே சொல்கின்றன. நம் ஊர் வெயிலில் வெளியே நிற்கும் வண்டிக்கு நான் பத்து வரை பொறுக்க மாட்டேன்.

பாட்டி ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுத்த காலத்தில், பால் வடியும் மங்குக் கிண்ணத்தில் மிஞ்சிக் காய்ந்த ஒட்டுப்பாலைப் பந்தாக உருட்டி நாங்கள் விளையாடுவோம். வெயிலில் கிடந்த பந்து சில மாதத்தில் கறுத்து, பிசுபிசுத்து, வெடித்துவிடும். டயருக்குக் கந்தகம் சேர்த்து வேகவைக்கிறார்கள், கரிப்பொடியும் மெழுகும் மருந்தும் கலக்கிறார்கள், ஆகவே பல வருடம் தாங்குகிறது. ஆனாலும் வெயிலும் காற்றும் அதை விடுவதில்லை. அந்த மெழுகு டயர் உருண்டு நெளியும்போதுதான் மேலே கசிந்து காக்கும் என்பதால், ஓடாமல் நிற்கும் வண்டியின் டயர் ஓடும் வண்டியினுடையதைவிடச் சீக்கிரம் வெடிப்பு விடும். முன் டயரின் பள்ளங்களுக்கு அடியிலும், விளிம்பை ஒட்டிய பக்கவாட்டிலும் விரலால் அழுத்திப் பார். மயிரிழை வெடிப்பு தெரிந்தாலோ, நகம் இறங்காத அளவுக்கு இறுகியிருந்தாலோ யோசிக்க வேண்டாம். பின் சக்கரம் வழுக்கினால் சில சமயம் சமாளித்துவிடலாம், முன் சக்கரம் வழுக்கினால் நேரே தரைதான்.

வாங்கும்போது அந்த நான்கு இலக்க எண்ணை முதலில் பார். மலிவாகத் தருவதாக நீ சொன்ன கடையில் காட்டிய டயரின் எண் 4019 என்றாய். அலமாரியிலேயே ஐந்து வருடம் தூங்கிய டயர் அது. இருபது வெள்ளி (ரிங்கிட்) குறைவு என்பதற்காக அதை வாங்காதே. தேய்ந்த பழைய டயரின் மேல் புது ரப்பர் ஏற்றிய செலுப் டயரும் வேண்டாம். உன் வேவ் 125 வண்டிக்கு டயர் அளவு முன்னே 70/90-17, பின்னே 80/90-17. பார்வைக்கு ஒல்லியாக இருக்கும் என்று பையன்கள் போடும் மெல்லிய அளவை யார் புகழ்ந்தாலும் தலையாட்டாதே. உன் வண்டி டியூப் போட்டது, ஆகவே டயரோடு டியூபையும் புதிதாகவே போடச் சொல். மூன்று ஒட்டுப் போட்ட டியூபைப் புது டயருக்குள் வைப்பது வீண் சிக்கனம். பக்கவாட்டு அம்புக்குறி சக்கரம் முன்னோக்கி உருளும் திசையைக் காட்ட வேண்டும். மஞ்சள் புள்ளி இருந்தால் காற்றடைக்கும் வால்வுக்கு நேரே வர வேண்டும். டயரில் எடை குறைந்த இடம் அதுதான்.

காற்று விஷயத்தில் உன் சோம்பல் எனக்குத் தெரியும். எண்ணெய் நிலையத்தில் காற்று இலவசம்தான். வாரம் ஒரு முறை, காலையில் டயர் சூடேறுவதற்கு முன், காற்றழுத்தத்தை முன்னே 200 கிலோபாஸ்கல், பின்னே 225 வை. பின்னால் தோழியை ஏற்றும் நாளில் பின் டயருக்கு 280. வண்டியில் ஒட்டியுள்ள தாளில் வேறு எண் இருந்தால் அதையே பின்பற்று.

புது டயரின் மேல் வழவழப்பு இருக்கும். முதல் 150 கிலோமீட்டர் வரை சாய்வதிலும் பிரேக்கிலும் மெதுவாக இரு. அதனால்தான் அவசரப்படுத்துகிறேன். இந்த வருடம் தீபாவளி அக்டோபர் 31. கிள்ளானிலிருந்து இங்கே ஏறத்தாழ 250 கிலோமீட்டர். புறப்படுவதற்கு முந்தின நாள் மாற்றிக்கொண்டு நேரே நெடுஞ்சாலையில் ஏறாதே. இந்த மாதச் சம்பளத்திலேயே இரண்டையும் மாற்றிவிட்டால், வேலைக்குப் போய்வரும் மூன்று நாளில் வழவழப்புப் போய்விடும். பணம் போதாவிட்டால் சொல், முன் டயருக்கு நான் அனுப்புகிறேன். பூட்டி முடித்ததும் இரண்டு டயரின் எண்களையும் படம் எடுத்து அனுப்பு. சில டயர்களில் அது ஒரு பக்கம்தான் இருக்கும், மறுபக்கமும் குனிந்து பார்.

அன்புடன்,
அப்பா