பாத்திரக் கூலி: வருடா வருடம் பஞ்சப்படி வேண்டும்

திருப்பூர் அனுப்பர்பாளையம் வட்டாரப் பாத்திர உற்பத்தியாளர்களுக்கும், அவர்களோடு கூலிப் பேச்சுக்கு உட்காரும் தொழிற்சங்கத் தலைவர்களுக்கும் வணக்கம்.

எவர்சில்வர், பித்தளை, செம்பு என்று எதில் கை வைத்தாலும் தொழிலாளிகளான எங்களுக்குப் பீஸ் ரேட்தான், அதாவது செய்து கொடுக்கும் அளவுக்குத்தான் கூலி. மூன்று வருடத்துக்கு ஒருமுறை பேசி, இத்தனை சதவீதம் உயர்வு என்று கையெழுத்தாகிறது. இரண்டு தரப்பும் அந்தச் சதவீதத்திலேயே மல்லுக்கட்டுகிறோம். நடுவில் இருக்கும் வருடங்களை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

விலைவாசி வருடத்துக்கு 5 சதவீதம் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்று வருடத்தில் கிட்டத்தட்ட 16 சதவீதம் ஆகிவிடும். ஒப்பந்தத்தில் அதே 16 சதவீதம் கூட்டிக் கொடுத்தாலும் பழைய நிலைக்குத்தான் வந்து சேருகிறோம். அதுவரை பழைய கூலியில் குடும்பம் ஓட்டியதில் விழுந்த துண்டை வட்டிக்கு வாங்கித்தான் அடைக்கிறோம். அப்புறம் பேச்சு இழுத்துக்கொண்டு போனால் அந்த மாதங்களும் பழைய ரேட்தான்.

தகடு விலை ஏறினால் அடுத்த ஆர்டருக்கே நீங்கள் விலையை மாற்றுகிறீர்கள். நியாயம்தான், நஷ்டத்துக்கு யாரும் பட்டறை நடத்த முடியாது. அரிசி, பருப்பு, வீட்டு வாடகை ஏறினால் எங்களுக்கும் அதே நியாயம் வேண்டும்.

இதற்குப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. தமிழக அரசின் குறைந்தபட்சக் கூலியில் சென்னை நகர நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணை வைத்து ஒவ்வொரு ஏப்ரல் 1-ம் தேதியும், விலைவாசி ஏற்றத்தை ஈடுகட்டும் பஞ்சப்படி மாறுகிறது. யாரும் வேலைநிறுத்தம் செய்து அதை வாங்குவதில்லை. அதே கணக்கைப் பீஸ் ரேட்டோடும் சேர்த்து எழுதுங்கள்.

எடைக்குக் கூலி பேசும் வேலைகளில் இன்னொன்றையும் கவனியுங்கள். தகடு மெலிந்தால் குடத்தின் எடை குறைகிறது. ஆனால் பாலிஷ் போடுகிறவர் சுற்றுகிற சக்கரத்தில் அதே வாய், அதே கழுத்து, அதே வயிற்றைத்தான் பிடித்து அழுத்த வேண்டும். மெலிந்த தகடு சூட்டில் நெளியும் என்பதால் இன்னும் பதமாகப் பிடிக்க வேண்டும். முகத்தில் துண்டைக் கட்டியிருந்தாலும் மூக்குக்குள் கருப்புத் தூசி ஏறுவதும் அப்படியேதான். ரேட்டில் ஒரு பைசா குறைக்காமலே அவர் கூலி குறைந்துவிடுகிறது. தகட்டின் கனத்துக்கு ஏற்ற கூலி என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தால் இந்தச் சண்டையே வராது.

சிறு பட்டறைகளின் கஷ்டம் தெரியும். வெளிமாநிலச் சரக்கோடு போட்டி, கடைக்காரரிடம் நிற்கும் பாக்கி எல்லாம் உண்மை. அதே சிறு பட்டறையில் 10 பேர் இல்லை என்றால் இ.எஸ்.ஐ. இல்லை, 20 பேர் இல்லை என்றால் பி.எஃப். கட்டாயம் இல்லை என்பதும் உண்மை. அங்கே வேலை செய்கிறவருக்குக் கூலி ஒன்றுதான் வருமானம், மருத்துவச் செலவு, முதுமைக்கான சேமிப்பு எல்லாம். பையன்கள் பனியன் கம்பெனிக்குப் போய்விடுகிறார்கள் என்று வருத்தப்படுகிறீர்களே, அவர்களும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துத்தான் போகிறார்கள்.

தொழிற்சங்கத் தலைவர்களுக்கும் ஒரு வார்த்தை. முதல் நாள் பேச்சிலேயே பஞ்சப்படியை வையுங்கள், கடைசி நேரத்தில் விட்டுக்கொடுக்கும் கோரிக்கையாக அதை வைத்திருக்காதீர்கள். சதவீதத்தில் ஒன்றிரண்டு குறைந்தாலும் வருடா வருடம் ஏறும் கூலி எங்களுக்குப் போதும். கையெழுத்து எப்போது ஆனாலும், பழைய ஒப்பந்தம் முடிந்த மறுநாளிலிருந்து நிலுவையைக் கணக்குப் போட்டுத் தர வேண்டும் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

இப்படிக்கு,
பாலிஷ் பட்டறைத் தொழிலாளி ஒருவர்