பழைய டிஸ்க்கை கழட்டிட்டு இன்ஸ்டால் பண்ணச் சொல்லுங்க சார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க பேப்பர்ல புது ஹார்ட் டிஸ்க் வாங்கி அதுல லினக்ஸ் (விண்டோஸுக்குப் பதிலா போடுற இலவச ஆபரேட்டிங் சிஸ்டம்) போடுறது எப்படின்னு ஒரு கட்டுரை வந்துச்சு. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓட சப்போர்ட் முடிஞ்சுபோச்சு, டிபிஎம் 2.0-ங்கிற பாதுகாப்பு சிப் இல்லாத மெஷினுக்கு விண்டோஸ் 11 கிடையாதுன்றாங்க, அதுக்காக நல்லா ஓடுற கம்ப்யூட்டரை மூலைல போட வேணாம்னு எழுதியிருந்தீங்க, ரொம்ப சரி, நானும் அப்படித்தான் இந்தப் பக்கம் வந்தேன். ஆனா "நெக்ஸ்ட் கொடுத்துக்கிட்டே போனா போதும்"னு ஒரு வரி இருந்துச்சு பாருங்க, அதைப் படிச்சதும் எனக்கு பக்குன்னு ஆயிருச்சு. ஏன்னா நானும் அப்படி நெக்ஸ்ட் கொடுத்துக்கிட்டே போனவன்தான்.

என் மெஷின்ல பழைய டிஸ்க் 500 ஜிபி, விண்டோஸ் இருந்துச்சு. புதுசா வாங்குன டிஸ்க், எஸ்எஸ்டி வகை, அதுவும் 500 ஜிபி. பழசை கழட்டாம புதுசை பக்கத்துலயே மாட்டிட்டு லினக்ஸ் போட்ட பென் டிரைவ்ல பூட் பண்ணினேன், அதாவது மெஷினை அதுலேர்ந்து ஆன் பண்ணினேன். இன்ஸ்டாலர் எந்த டிஸ்க்னு கேக்குற இடத்துல பாத்தா எஸ்டிஏ, எஸ்டிபின்னு ரெண்டு, ரெண்டுக்கும் நேரா 500.1 ஜிபின்னு போட்டிருக்கு, இதுல எது மாப்பிள்ளை எது மாப்பிள்ளைத் தோழன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது! (வழி இருக்கு. கமாண்டு டைப் பண்ற டெர்மினல்ல எல்எஸ்பிஎல்கே (lsblk) கமாண்டை மாடல், சீரியல் நம்பர் காட்டுற மாதிரி ஓட்டிட்டு டிஸ்க் மேல ஒட்டியிருக்குற ஸ்டிக்கரோட ஒப்பிட்டுப் பாத்தா தெரிஞ்சிரும். எஸ்டிஏ, எஸ்டிபிங்கிற பேரை மட்டும் நம்பாதீங்க, அது ஒவ்வொரு தடவை பூட் ஆகும்போதும் மாறலாம்.) எப்படியோ சரியான டிஸ்க்கைத்தான் செலக்ட் பண்ணேன், இன்ஸ்டாலும் ஆச்சு, ரெண்டு மாசம் ஒரு குறையும் இல்லாம ஓடுச்சு.

அப்புறம் தம்பி பழைய டிஸ்க்கை கேட்டான்னு கழட்டிக் கொடுத்தேன். அன்னிக்கு சாயங்காலம் ஆன் பண்ணா கறுப்பு ஸ்கிரீன், பூட் பண்ண டிவைஸ் எதுவும் இல்லைன்னு ஒரே ஒரு வரி. புது டிஸ்க் செத்துப்போச்சுன்னே முடிவு பண்ணிட்டேன்.

விஷயம் என்னன்னா, இப்ப வர்ற மெஷின்லாம் யுஇஎஃப்ஐ, அதாவது ஆன் பண்ணதும் முதல்ல ஓடுற, மெஷினுக்குள்ளயே இருக்குற சாஃப்ட்வேர். ஆன் பண்ணதும் அது இஎஃப்ஐ பார்ட்டிஷன்னு ஒண்ணைத் தேடும், ஃபேட்32 ஃபார்மேட்ல ஒரு சின்ன பார்ட்டிஷன் (டிஸ்க்ல தனியா பிரிச்சு வச்ச பகுதி), அதுக்குள்ள இருக்குற பூட்லோடர்தான் மத்த எல்லாத்தையும் எழுப்பிவிடணும். அந்த இன்ஸ்டாலர் என்ன பண்ணியிருக்கு, புது டிஸ்க்ல சிஸ்டம் ஃபுல்லா போட்டிருக்கு, இஎஃப்ஐ பார்ட்டிஷன் கூட ஒண்ணு உருவாக்கியிருக்கு, ஆனா க்ரப்-ங்கிற லினக்ஸோட பூட்லோடரை மட்டும் கொண்டுபோய் பழைய டிஸ்க்ல விண்டோஸ் வச்சிருந்த இஎஃப்ஐ பார்ட்டிஷன்ல போட்டுருச்சு. அதே லினக்ஸ் பென் டிரைவ்ல பூட் பண்ணி புது டிஸ்க்ல இருந்த 512 எம்பி பார்ட்டிஷனைத் திறந்து பாத்தேன், உள்ள ஒரு ஃபைல் கூட இல்ல, துடைச்சு வச்ச மாதிரி இருந்துச்சு. வீடு இங்க, சாவி பக்கத்து வீட்ல.

சரின்னு புது டிஸ்க்கை மவுண்ட் பண்ணி (சிஸ்டத்தோட இணைச்சு), அந்தக் காலி பார்ட்டிஷனையும் மவுண்ட் பண்ணி, சிஹெச்ரூட் (chroot) கமாண்டால புது டிஸ்க்ல இருக்குற சிஸ்டத்துக்குள்ள போய் க்ரப்பை திரும்பப் போட்டேன். ரீஸ்டார்ட் பண்ணா மெனு வருது, அப்பாடான்னு உக்காந்தா, அடுத்து ஒண்ணரை நிமிஷம் எதுக்கோ வெயிட் பண்ணிட்டு எமர்ஜென்சி மோடுக்குப் போயிருச்சு, அதாவது சரியா ஆன் ஆகாம வெறும் கமாண்டு ஸ்கிரீன்ல நின்னுருச்சு. ஆன் ஆகும்போது எந்தெந்த பார்ட்டிஷனை மவுண்ட் பண்ணணும்னு எழுதியிருக்குற எஃப்எஸ்டேப் (fstab) ஃபைல்ல இன்னும் பழைய டிஸ்க்ல இருந்த இஎஃப்ஐ பார்ட்டிஷனோட யுயுஐடியே (அடையாள நம்பர்) இருந்திருக்கு, சிஸ்டம் அதைத்தான் தேடிக்கிட்டு இருந்திருக்கு. அந்த ஒரு வரியை மாத்தினதுக்கு அப்புறம்தான் சரியாச்சு. இதுக்கே ஒரு ராத்திரி போயிருச்சு, நான் கொஞ்சம் கமாண்டு தெரிஞ்ச ஆளு, தெரியாத ஒருத்தர் டிஸ்க் போச்சுன்னு ஃபார்மேட் பண்ணியிருப்பார்.

இவ்வளவும் நடக்காம இருக்க ரெண்டு நிமிஷ வேலைதான் சார், ஆஃப் பண்ணி பவர் கார்டை பிடுங்கிட்டு பழைய டிஸ்க்கோட ஒயரை கழட்டி வச்சுட்டு அப்புறம் இன்ஸ்டால் பண்ணணும். ஒரே டிஸ்க் இருந்தா இன்ஸ்டாலர் தப்பான இடத்துக்குப் போகவே முடியாது, பழைய டேட்டா தவறிப்போய் அழியவும் வழியில்ல. முடிஞ்சதும் திரும்ப மாட்டிக்கலாம், எதுல பூட் ஆகணும்னு ஆன் பண்ணும்போது வர்ற பூட் மெனுல செலக்ட் பண்ணிக்கலாம், ஒண்ணைக் கழட்டினாலும் இன்னொண்ணு ஓடும். கழட்ட வசதியில்லாத மெஷின்னா பயாஸ்ல (மெஷினோட செட்டிங் ஸ்கிரீன்ல) பழைய டிஸ்க் மாட்டியிருக்குற போர்ட்டை டிஸேபிள் பண்ண ஆப்ஷன் இருக்கான்னு பாக்கலாம். விண்டோஸ்ல பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கிற வசதி) போட்டிருக்கிறவங்க செக்யூர் பூட் (ஆன் ஆகும்போது பூட்லோடரை நம்பலாமான்னு சோதிக்கிற வசதி) செட்டிங்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி அந்த 48 இலக்க ரெக்கவரி கீயை எழுதி வச்சுக்கணும், இல்லைன்னா விண்டோஸ் அந்த கீயைக் கேட்டு நின்னுரலாம், அது தனிக் கதை.

இன்னொண்ணு, 500 ஜிபி டிஸ்க் வாங்கி 465 தான் காட்டுது, ஏமாத்திட்டாங்கன்னு உங்க வாசகர் ஒருத்தர் எழுதியிருந்தாரு. கம்பெனிக்காரன் 1000-ஆல வகுக்கிறான், விண்டோஸ் 1024-ஆல வகுக்குது, அவ்வளவுதான், டிஸ்க்கை திருப்பிக் கொடுக்கப் போயிராதீங்கன்னு சொல்லுங்க.

கட்டுரையோட அடுத்த பகுதி வரும்னு போட்டிருந்தீங்க. அதுல முதல் படத்துக்கு மேலயே, பழைய டிஸ்க் ஒயரை கழட்டுங்கன்னு கொட்டை எழுத்துல ஒரு வரி போட்டுருங்க.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்