பெரம்பலூரில் வெள்ளாமை பார்ப்பது யார்? சங்கத்தின் 2025-26 ஆண்டறிக்கை

உறுப்பினர்களுக்கும், வெளியூரில் இருந்தாலும் சந்தாவை நிறுத்தாமல் அனுப்பும் தம்பிமார்களுக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். செயற்குழு தவறாமல் கூடியது. விதை வெங்காயம் பரிமாறிக்கொள்ளும் ஏற்பாடு இந்த ஆண்டும் நடந்தது. மக்காச்சோளத்தில் படைப்புழுவுக்கு இனக்கவர்ச்சிப் பொறி வைத்தவர்கள் தங்கள் அனுபவத்தைப் பொதுக்குழுவில் நேரிலேயே சொல்வார்கள். அதனால் போன பொதுக்குழுவில் நீங்கள் கேட்ட கேள்விக்கே இந்த அறிக்கையில் அதிக இடம் கொடுக்கிறேன்: நம் மாவட்டத்தில் இப்போது யார் விவசாயம் பார்க்கிறார்கள்?

நம் கையில் இருப்பது 2011 மக்கள் தொகைக் கணக்குதான். 2021-இல் எடுத்திருக்க வேண்டியது கொரோனாவால் தள்ளிப்போய்விட்டது. 2011 கணக்குப்படி பெரம்பலூர் மாவட்டத்தில் 5,65,223 பேர். தமிழ்நாட்டிலேயே மக்கள் தொகை குறைந்த மாவட்டமாக அப்போது நாம்தான் இருந்தோம். நூற்றுக்கு 83 பேர் கிராமத்தில் இருக்கிறவர்கள். பெரம்பலூரை விட்டால் குரும்பலூர், அரும்பாவூர், பூலாம்பாடி, லப்பைக்குடிக்காடு என்று நான்கு பேரூராட்சிகள், மற்றதெல்லாம் கரிசலும் செம்மண்ணும் மானாவாரியும் கிணற்றுப் பாசனமும்தான். மூன்றில் ஒரு பங்கை ஒட்டி பட்டியலின மக்கள் இருக்கிறார்கள், அவர்களில் பலர் சொந்த நிலம் இல்லாமல் கூலிக்குப் போகிறவர்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

இதில் ஒரு கணக்கைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மாவட்டத்தில் 1000 ஆண்களுக்கு 1003 பெண்கள். கேட்கப் பெருமையாக இருக்கிறது, மேடையிலும் சொல்கிறார்கள். ஆனால் அதே கணக்கில் ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளை மட்டும் எடுத்தால் 1000 பையன்களுக்கு 913 பெண் பிள்ளைகள்தான். சின்ன வயதில் குறைவாக இருக்கும் பெண்கள் மொத்தத்தில் கூடுதலாகத் தெரிகிறார்கள் என்றால், பெண்களுக்கு ஆயுள் கூட என்பது ஒரு காரணம், வேலைக்குப் போன ஆண்கள் ஊர்க்கணக்கில் இல்லை என்பது இன்னொரு காரணம். லப்பைக்குடிக்காட்டிலிருந்து வளைகுடாவுக்கும், பூலாம்பாடியிலிருந்து மலேசியாவுக்கும், மற்ற ஊர்களிலிருந்து திருப்பூருக்கும் சென்னைக்கும் போனவர்கள் யார் என்று நம் ஒவ்வொரு தெருவுக்கும் தெரியும். பெண் பிள்ளைகள் குறைவதைப் பற்றிச் சங்கம் இதுவரை வாய் திறக்கவில்லை, இனிப் பேசியாக வேண்டும்.

சரி, அவர்கள் போன பிறகு வயலில் நிற்பது யார்? செட்டிகுளம் பக்கம் சின்ன வெங்காய அறுவடை நேரத்தில் போய்ப் பாருங்கள். காயைப் பிடுங்கி, காயவைத்து, வரிசையாக உட்கார்ந்து தாளை அரிந்து, அழுகலையும் பொடியையும் பிரித்து, விதைக்கு நிற்க வேண்டியதை வெங்காயம் சேமித்து வைக்கும் பட்டறையில் கொட்டுவது வரை பெண்கள் கைதான். பட்டறைக்கு அடியில் ஈரம் ஏறாமல் மேடு கட்டி, பக்கத்துத் தட்டியில் காற்றுப் போக இடம் விட்டு, மேலே கீற்று வேய்வார்கள். அதில் எந்தப் பக்கம் வெந்து போகிறது என்று வாசனையை வைத்தே சொல்லிவிடுகிற அக்காமார் நம் சங்கத்தில் இருக்கிறார்கள். விதைப்பதா, விற்பதா, இன்னும் ஒரு மாதம் வைத்திருப்பதா என்று முடிவு எடுப்பதும் அவர்கள்தான்.

ஆனால் பட்டா கணவர் பேரில், இல்லாவிட்டால் மாமனார் பேரில். எந்த நிலத்தில் யார் என்ன பயிர் வைத்தார்கள் என்று கிராம நிர்வாக அலுவலர் எழுதும் அடங்கலிலும் அப்படியே. கோழிக்கால் நோய் வந்து வெங்காயம் மொத்தமாகச் சுருண்டுபோன ஒரு உறுப்பினர் நிவாரணத்துக்குப் போனபோது, "பட்டாதாரர் வரணும்மா" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பட்டாதாரர் வெளிநாட்டில் இருக்கிறார். கடன் போட்டு, உழுது, மருந்து அடித்து, நஷ்டத்தையும் சுமந்த அந்த அக்கா எந்தக் காகிதத்திலும் விவசாயி இல்லை. இது எனக்குக் கோபத்தை உண்டாக்குகிறது, உங்களுக்கும் உண்டாக்க வேண்டும்.

அடுத்த மக்கள் தொகைக் கணக்கு 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாக வைத்து எடுக்கிறார்கள். வீட்டுக்கு வருகிறவர் வேலை என்ன என்று கேட்டால், "வீட்ல சும்மாதான் இருக்கேன்" என்று எந்தப் பெண்ணும் சொல்லக் கூடாது. அவருக்காகப் பதில் சொல்லும் ஆண்களும் அப்படிச் சொல்லக் கூடாது. 2011 கணக்கில் ஆண்டில் ஆறு மாதம் அல்லது அதற்கு மேல் வேலை செய்தவரை முதன்மைத் தொழிலாளர் என்றும், குறைவாகச் செய்தவரைக் குறுநிலைத் தொழிலாளர் என்றும் பிரித்தார்கள். குடும்ப நிலத்தில் பாடுபடுகிறவர் சாகுபடியாளர், கூலிக்குப் போகிறவர் விவசாயத் தொழிலாளர். பட்டா யார் பேரில் என்பது அங்கே கேள்வியே இல்லை. களையெடுப்பு, தண்ணீர் கட்டுவது, வெங்காயம் அரிவது, மாட்டைப் பார்ப்பது எல்லாவற்றையும் மாதம் மாதமாகச் சேர்த்துச் சொல்லுங்கள்.

அப்புறம், பொதுக்குழு முன் வைக்கும் தீர்மானங்கள் இரண்டு. வெளியூரில் இருக்கும் பட்டாதாரர்கள் ஊருக்கு வரும் பொங்கல் சமயத்தில், கூட்டுப்பட்டாவில் மனைவி பெயரைச் சேர்க்க விரும்புகிறவர்களுக்கு மனு எழுதிக் கொடுக்க சங்கமே ஆள் ஏற்பாடு செய்வது. இரண்டாவது, பட்டா இருந்தால்தான் உறுப்பினர் என்ற நம் விதியை எடுத்துவிட்டு, சாகுபடி செய்கிற எவரும் உறுப்பினராகலாம் என்று மாற்றுவது, செயற்குழுவில் பாதி இடத்தைப் பெண்களுக்கு ஒதுக்குவது. கூலி வேலை செய்கிறவர்களையும் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து. எதிர்க்கருத்து உள்ளவர்கள் வந்து பேசுங்கள், வாக்கெடுப்புக்கு முன் எல்லோருக்கும் நேரம் உண்டு.

செயலாளர்