பெட்டி பிரிக்கும் பெறாமகளுக்கு

அன்புள்ள பிள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அமெரிக்காவில் முன்பின் தெரியாத சனங்கள் படையினருக்கென்று அனுப்பும் பெட்டிகள் உங்கள் படைமுகாமில் தேவைக்கு மேல் சேர்ந்துவிட்டன, அவற்றைப் பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் வேலை செய்பவர்களுக்குக் கொடுக்கப்போகிறோம் என்று எழுதியிருந்தாய். கட்டாயம் கொடுங்கள். ஆனால் எப்படிக் கொடுப்பது என்று சின்னம்மா கொஞ்சம் சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்தில் யுத்த காலம் முழுக்க வார்டில் நின்றவள் நான்.

1990இல் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெய், பற்றரி, சவுக்காரம் எல்லாம் தடைப்பட்டன. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் எண்ணெய் விட்டு, திரி போட்டு, அந்த வெளிச்சத்தில்தான் நோயாளரின் குறிப்புகளை எழுதினோம். வீட்டில் பனம்பழத்தைப் பிழிந்து உடுப்புத் தோய்த்தோம். ஆஸ்பத்திரிக்கு என்ன மருந்து வந்தது, வரவில்லை என்று எல்லாரும் கேட்பார்கள். காயம் கழுவுகிறவள் வீட்டுக்குப் போய்க் குளிக்கச் சவுக்காரம் இருக்கிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை. அதனால்தான் நோயாளருக்கு மட்டுமில்லாமல் ஊழியருக்கும் கொடுக்க நினைத்தது எனக்கு அவ்வளவு பிடித்தது.

சரி, இனிப் பயமான விசயம். 1987 ஒக்டோபர் 21, தீபாவளி நாள். இந்தியப் படையினர் எங்கள் பெரியாஸ்பத்திரிக்குள் நுழைந்து சுட்டார்கள். வைத்தியர்கள், தாதியர், ஊழியர்கள், நோயாளர் என்று பலர் செத்தார்கள். இன்றைக்கும் ஒவ்வொரு வருடமும் அங்கே நினைவுகூருகிறோம். அதற்குப் பிறகு சீருடையோடு ஒருவர் வாசலில் நின்றாலே, அவர் எதற்கு வந்தாலும், எங்களுக்குக் கை நடுங்கும். 1990 நவம்பரில் செஞ்சிலுவைச் சங்கம் ஆஸ்பத்திரியைப் பாதுகாப்பு வலயமாக்கியது. துவக்கோடு யாரும் உள்ளே வரக்கூடாது என்றானபிறகுதான் மூச்சு வந்தது.

நீ நல்ல மனத்தோடு போவாய், எனக்குத் தெரியும். ஆனால் படைக்காரரிடம் ஒரு பிஸ்கற் பெட்டி வாங்கியவளை சண்டையில் எதிர்ப்பக்கத்தில் நிற்பவர்கள் கவனித்துக்கொண்டிருப்பார்கள். நீங்கள் ஆறு மாதத்திலோ ஒரு வருடத்திலோ திரும்பிப் போய்விடுவீர்கள். அவள் அந்த ஊரிலேயே இருப்பாள். யுத்தத்தில் ஆஸ்பத்திரியையும் அதில் வேலை செய்பவர்களையும் காக்கவேண்டும் என்று 1949 ஜெனீவா உடன்படிக்கை சொல்கிறது, உனக்கும் படிப்பித்திருப்பார்கள். உங்கள் அன்பளிப்பால் அவர்களுடைய பாதுகாப்புக் குறையக்கூடாது.

ஆகவே முதலில் உன் மேலதிகாரியைக் கேள். பிறகு ஆஸ்பத்திரிப் பொறுப்பாளரிடம், இது உங்களுக்கு வேண்டுமா, வந்தால் கரைச்சல் வருமா என்று வெளிப்படையாகக் கேள். வேண்டாம் என்றால் மனம் நோகாமல் விட்டுவிடு. வேண்டும் என்றால் அவர்களுடைய வாகனமே வந்து ஏற்றிக்கொண்டு போகட்டும். பெட்டி அனுப்பியவர்களுக்கு நன்றி சொல்லப் படம் வேண்டுமென்றால் பெட்டிகளை எடு. வாங்குகிறவர்களின் முகம் ஒன்றும் வரக்கூடாது, பெயரும் வேண்டாம்.

ஒவ்வொரு பெட்டியையும் பிரித்துப் பார். படையினரின் பெயர், முகவரி எழுதிய துண்டுகளை எடுத்துவிடு. அந்த ஊர்ச் சனம் எதைச் சாப்பிடாது என்று விசாரித்து, அதையும் விலக்கு. குளிசைகள் இருந்தால் மருந்தாளரிடம் மட்டும். தாதியரின் கையில் சும்மா கொடுத்துவிடாதே, லேபிளை வாசிக்கமுடியாமல் யாராவது விழுங்கிவிடுவார்கள். சவுக்காரம், கைக்குப் பூசும் கிறீம், சொக்ஸ், கோப்பித்தூள், இவைதான் பெரிய விசயம். இரவு முழுக்க நின்ற காலுக்குப் புதுச் சொக்ஸ் எப்படி இருக்கும் என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அப்புறம், வைத்தியர்களோடு நின்றுவிடாதே. நிலம் கூட்டுகிறவர்கள், துணி தோய்க்கிறவர்கள், பிரேதம் தூக்குகிற சிற்றூழியர்கள், இவர்களுக்கு எந்தப் பெட்டியும் போய்ச் சேராது. எங்கள் வார்டிலும் அப்படித்தான் நடந்தது, பார்த்துக்கொண்டிருந்தேன். பொறுப்பாளரிடம் சாமானைக் கொடுக்கும்போதே அவர்களுக்கென்று தனியாகக் கட்டிக் கொடு.

அங்கே இரவு வேலைக்கு எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று கேட்டு எழுது பிள்ளை.

உன் சின்னம்மா
யாழ்ப்பாணம்