நின்றுபோன ஆலைக்குள் போகும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

மூடிக் கிடக்கும் அந்த ஆலைக்குள் நீ எடுத்து அனுப்பிய படங்களைக் கணினித் திரையில் பெரிதாக்கி மறுபடி மறுபடி பார்த்தேன். "பாழடைந்த ஆலைக்குள் இவளுக்கு என்ன வேலை? நீங்களாவது நன்றாகத் திட்டி எழுதுங்கள்" என்று அம்மா சொல்லியிருக்கிறாள். நான் திட்டப் போவதில்லை. திட்டினால் நீ போவதை நிறுத்த மாட்டாய், எங்களிடம் சொல்வதைத்தான் நிறுத்துவாய். ஆனால் வேலைக்காலம் முழுவதும் ஆலைகளில் பராமரிப்புப் பிட்டராக இருந்தவன் உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சும்மா இருக்கவும் முடியாது.

முதலில் நீ கேட்டதற்குப் பதில். கூரைக்குக் கீழே நீளமாக ஓடும் இரும்புத் தண்டு, அதில் வரிசையாகச் சக்கரங்கள், இது என்ன என்று கேட்டிருந்தாய். அது லைன் ஷாப்ட். இயந்திரத்துக்கு ஒரு மின் மோட்டார் என்று வருவதற்கு முன்னால் ஒரே நீராவி எஞ்சின்தான் முழு ஆலையையும் ஓட்டியது. எஞ்சின் அந்தத் தண்டைச் சுழற்றும். ஒவ்வொரு சக்கரத்திலிருந்தும் ஒரு தோல் பெல்ட் கீழே இறங்கி ஒரு இயந்திரத்தைச் சுழற்றும். தண்டு நீள நீள உராய்விலேயே சக்தி போய்விடும் என்பதால் இயந்திரங்களை எஞ்சினுக்குப் பக்கத்திலேயே நெருக்கி வைக்க வேண்டியிருந்தது. அதனால்தான் பழைய ஆலைகள் மாடிமேல் மாடியாக நிற்கின்றன. மோட்டார் வந்த பிறகு அந்தக் கட்டாயம் போய்விட்டது, ஆலைகளும் தரையோடு பரந்து ஒற்றை மாடியாகிவிட்டன. அடுத்த முறை வெளியில் நின்றபடியே அந்தக் கட்டடத்தின் வயதை ஓரளவு ஊகித்துப் பார்.

கூரையையும் கவனி. ரம்பப் பல் போல ஏறி இறங்கும் கூரையில் செங்குத்தான பக்கத்தில் மட்டும் கண்ணாடி இருக்கும். பூமியின் வடபாதியில் அது பெரும்பாலும் வடக்குப் பார்த்து இருக்கும். நேர் வெயில் விழாமல் நாள் முழுக்கச் சீரான வெளிச்சம் கிடைப்பதற்காக அந்த ஏற்பாடு. நீ "என்ன அருமையான வெளிச்சம்" என்று எழுதியிருந்தாயே, தறியில் அறுந்த நூலைக் கண்டுபிடிக்க வேண்டியவர்களுக்காக யோசித்துக் கட்டிய வெளிச்சம் அது.

உன் படங்களில் எனக்கு ஒரு குறை உண்டு. துருவும் உடைந்த கண்ணாடியும் சுவரில் முளைத்த செடியும்தான் எல்லாவற்றிலும் இருக்கின்றன. படிக்கட்டைப் படம் எடுத்திருக்கிறாய், ஆனால் நடுவில் மட்டும் தேய்ந்திருக்கும் அந்தப் படிகளின் விளிம்பை எடுக்கவில்லை. தரையில் நீட்டிக்கொண்டிருக்கும் பவுண்டேஷன் போல்ட்டுகளைப் பார். அவற்றின் இடைவெளியை வைத்தே அங்கே எவ்வளவு பெரிய இயந்திரம் நின்றது என்று சொல்லிவிடலாம். கிரேன் உத்திரத்தில் எத்தனை டன் தூக்கும் என்று எழுதியிருக்கும். சுவிட்ச் போர்டு கதவின் உள்பக்கத்தில் யாராவது பென்சிலால் கணக்குப் போட்டிருப்பார்கள், நாங்களும் அப்படித்தான் செய்வோம்.

ஜப்பானில் ஹஷிமா என்று ஒரு தீவு. கடலுக்கடியில் நிலக்கரி வெட்டுவதற்காக 6 ஹெக்டேர் சொச்சம் இடத்தில் கான்கிரீட் அடுக்குமாடிகளைக் கட்டி 1959இல் 5,259 பேரைக் குடிவைத்திருந்தார்கள். 1974இல் சுரங்கத்தை மூடினார்கள், கொஞ்ச நாளிலேயே தீவு காலியாகிவிட்டது. இன்று அதன் படங்களைப் பார்த்து எல்லோரும் "ஆஹா" என்கிறார்கள். உலகப் போர்க் காலத்தில் கொரியர்களையும் சீனர்களையும் கட்டாயப்படுத்திக் கொண்டுவந்து அங்கே வேலை வாங்கினார்கள் என்பது அந்தப் படங்களில் தெரியாது. பாழை அழகு என்று சொல்வதில் எனக்கு முழுச் சம்மதமில்லை என்பது இதனால்தான். அழகு இல்லை என்றும் சொல்லமாட்டேன், உன் கொதிகலன் படம் பிரமாதம்.

சரி, இனி அம்மாவின் கவலைக்கு வருகிறேன். அது என் கவலையும்தான்.

ஓடுகிற ஆலையைவிட நின்ற ஆலைதான் ஆபத்து. ஓடுகிற இடத்தில் போல்ட் தளர்ந்தால் முறுக்க ஒருவன் இருக்கிறான். கம்பிப் பலகை அரித்துப் போனால் மாற்றுவான், மாற்றும் வரை கயிறு கட்டித் தடுப்பான். மூடிய நாளிலிருந்து அந்த ஆள் இல்லை. இயந்திரம் நின்றாலும் துருவும் மழைநீரும் ஒரு ஷிப்டுகூட விடுப்பு எடுப்பதில்லை.

கான்கிரீட்டை எடுத்துக்கொள். புதிதாக இருக்கும்போது அதிலுள்ள காரத்தன்மை உள்ளே இருக்கும் கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. வருடங்கள் போகப் போகக் காற்றில் உள்ள கரியமில வாயு அந்தக் காரத்தைத் தின்றுவிடும். அப்புறம் கம்பி துருப்பிடிக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும், அதனால் மேல்பூச்சைத் தள்ளிப் பிளக்கும். உன் ஒன்பதாவது படத்தில் தலைக்கு மேலே கம்பி வெளியே தெரிகிறது, தரையில் காரை பெயர்ந்து கிடக்கிறது. அந்தக் காரைத் துண்டுகளுக்கு நடுவில் நின்றுதான் நீ படம் எடுத்திருக்கிறாய். அப்படிப்பட்ட இடத்துக்குக் கீழேயும் நிற்காதே, மேலேயும் நடக்காதே. இரும்புக் கம்பிப் பலகையில் கால் வைக்கவே வேண்டாம். மேலே பெயின்ட் நன்றாக இருக்கும், அது உட்காரும் தாங்கி அரித்துப் போயிருக்கும். ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் ஏறுவது பற்றிச் சொல்லவே தேவையில்லை என்று நினைக்கிறேன். ஆலைக் குழிகளில் தேங்கிய தண்ணீர்மேல் தூசியும் எண்ணெயும் படிந்து அசல் தரை போலவே தெரியும்.

இவற்றையெல்லாம் கண்ணால் பார்க்கலாம். பார்க்க முடியாதவைதான் என் தூக்கத்தைக் கெடுக்கின்றன. மூடிய இரும்புத் தொட்டிக்குள் சுவர் துருப்பிடிக்கும்போது உள்ளே இருக்கும் ஆக்சிஜனை அதுவே எடுத்துக்கொள்கிறது. வெளிக்காற்றில் கிட்டத்தட்ட 21 சதவீதம் ஆக்சிஜன். 19.5க்குக் கீழே போனாலே தொட்டிக்குள் ஆளை இறக்கக் கூடாது என்பது வேலையிடத்து விதி. பத்துக்குக் கீழே போய்விட்டால் மயங்கி விழ நேரமே பிடிக்காது. மூச்சுத் திணறல், இருமல் என்று எந்த முன்னறிவிப்பும் இருக்காது. ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சுவாயு இருந்தால் அழுகிய முட்டை வாடை வருமே என்பாய். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது. விழுந்தவரைத் தூக்கப் போனவரும் அங்கேயே விழுவது இந்த மாதிரி விபத்துகளில் திரும்பத் திரும்ப நடப்பது. தொட்டி, குழாய், நிலத்தடிச் சுரங்கப்பாதை, இந்த மூன்றுக்குள்ளும் தலையை நீட்டமாட்டேன் என்று எனக்கு எழுதிக் கொடு.

நீராவிக் குழாய்களைச் சுற்றி வெள்ளையாகப் பஞ்சு மாதிரி தொங்குகிறதே, பழைய ஆலை என்றால் அதை ஆஸ்பெஸ்டாஸ் என்றே நினைத்துக்கொள். அந்த இழை நுரையீரலுக்குள் போனால் உடனே எதுவும் தெரியாது. நோய் தலைகாட்ட இருபது, முப்பது, நாற்பது வருடம்கூட ஆகும். அதை உதிர்க்காதே, மிதிக்காதே. துணி முகக்கவசம் இதற்கு உதவாது, பி100 அல்லது எஃப்எஃப்பி3 தரத்தில் முகத்தோடு இறுக்கமாகப் பொருந்துவது வேண்டும். அந்தத் தூசி பட்ட உடுப்பை உதறாதே, வீட்டுக்குக் கொண்டுவந்து துவைக்கவும் வேண்டாம். பழைய டிரான்ஸ்பார்மர், கெப்பாசிட்டரிலிருந்து ஒழுகிய எண்ணெயில் பிசிபி என்ற நஞ்சு இருக்கலாம், கையால் தொடக்கூடாது. ஆலை மூடித்தானே இருக்கிறது, மின்சாரம் எப்படி இருக்கும் என்றும் எண்ணாதே. பக்கத்து இடத்துக்குப் போகும் கேபிள் அந்த வளாகத்தின் வழியாகவே போய்க்கொண்டிருக்கலாம்.

நினைவுக்கு என்று எதையும் எடுத்து வராதே. 1987இல் பிரேசிலின் கோயானியா நகரில், கைவிடப்பட்ட ஒரு புற்றுநோய்ச் சிகிச்சை மையத்திலிருந்து இருவர் ஒரு கருவியின் பாகத்தைக் காயலான் கடைக்காகக் கழற்றிக்கொண்டு போனார்கள். உள்ளே சீசியம்-137 என்ற கதிர்வீச்சுப் பொருள். இருட்டில் நீலமாக ஒளிர்ந்த அந்தத் தூளை வீட்டாரும் உறவினரும் ஆசையாகக் கையில் எடுத்துப் பார்த்தார்கள். நான்கு பேர் இறந்தார்கள், 249 பேர்மேல் கதிர்வீச்சுப் பொருள் படிந்திருந்தது, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைச் சோதிக்க வேண்டியிருந்தது. ஆலைக்காரர்கள் போகும்போது எல்லாவற்றையும் சுத்தம் செய்துவிட்டுத்தான் போயிருப்பார்கள் என்று நம்புவதற்கில்லை. போபாலில் 1984 டிசம்பரில் நச்சுவாயு கசிந்த ஆலையின் கழிவு, சுமார் 337 டன், 2025 ஜனவரியில்தான் அங்கிருந்து அப்புறப்படுத்தப்பட்டது.

அனுமதி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், நீ ஏற்கெனவே முகம் சுளித்திருப்பாய். வேலி தாண்டி நுழைவது அத்துமீறல், பிடிபட்டால் உன் விசாவுக்கும் வேலைக்கும் சேர்த்து வினை. உரிமையாளருக்கு ஒரு கடிதம் எழுதிக் கேள். ஒரு நன்மையும் உண்டு. சரியென்று சொன்னால் பெரும்பாலும் பழைய காவலாளி ஒருவரைக் கூட அனுப்புவார்கள். எந்தத் தரை தாங்கும், எது தாங்காது என்பது அவருக்குத்தான் தெரியும், கதையும் அவரிடம்தான் இருக்கும்.

இன்னொரு வழியும் இருக்கிறது. பராமரிப்பு ஆள் இருக்கும் பாழிடங்களுக்குப் போ. ஜெர்மனியில் ஃபோல்க்லிங்கன் இரும்பாலையை 1986இல் நிறுத்தினார்கள், இடிக்கவில்லை. 1994இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு, இரும்புத்தாதை உருக்கிய ஊதுலையின் மேல்தளம்வரை ஏறலாம். டூயிஸ்பர்க்கில் 1985இல் மூடிய இரும்பாலையை பீட்டர் லாட்ஸ் என்ற நிலவமைப்பு வல்லுநர் பூங்காவாக மாற்றினார். துருவை மறைத்துப் பெயின்ட் அடிக்காமல் அப்படியே விட்டு, நடுவில் மரங்களை வளர விட்டார். கனிமம் கொட்டிவைத்த அறைகளின் சுவரில் மலையேற்றப் பயிற்சி நடக்கிறது. 45 மீட்டர் அகலமுள்ள பழைய எரிவாயுத் தொட்டியில் தண்ணீர் நிரப்பி மூழ்குநீச்சல் பழகுகிறார்கள். இது வேடிக்கை பார்க்கும் இடம்தானே, கண்டுபிடிக்க என்ன இருக்கிறது என்று நீ சொல்லலாம். டூயிஸ்பர்க்கின் ஐந்தாம் எண் ஊதுலையில் நின்றுகொண்டு காற்றுக்குழாய் எங்கிருந்து வருகிறது, இரும்பு எந்த வழியாக வெளியே ஓடியது என்று நீயாகவே தேடிக் கண்டுபிடி பார்ப்போம். ஒரு நாள் போதாது.

நாங்கள் உன்னைப் பார்க்க வருவதாகப் பேசிக்கொண்டிருக்கிறோமே, அப்போது டூயிஸ்பர்க்கையும் சேர்த்துத் திட்டம் போடு. அந்த ஊதுலையில் மேலே வரை படி ஏறவேண்டும், என் முழங்கால் ஒத்துழைக்குமா என்று தெரியவில்லை. மெதுவாக ஏறலாம். அம்மா கீழே பூங்காவில் உட்கார்ந்திருப்பதாகச் சொல்லிவிட்டாள். அதுவரை, தனியாக எங்கேயும் நுழையாதே, எந்தக் கட்டடம், எத்தனை மணிக்குத் திரும்புவாய் என்பதை முன்கூட்டியே எனக்குச் செய்தி அனுப்பிவிடு. அந்த மணி தாண்டினால் நான் போன் செய்வேன், எடுக்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா